வண்டிக்கும் காய்ச்சல் வரும்

பூக்கார அக்காவின் கவலை

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் படிப்பு மையம் இருக்கிறது. மாலையில் அங்கே ஓர் அக்கா படிக்க வருவார். அவர் பூ வியாபாரி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். ஸ்கூட்டரில் கே.ஆர். மார்க்கெட் போவார். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி வாங்குவார். பூ மூட்டையைக் காலடியில் வைத்துக்கொள்வார். ஆறு மணிக்குள் மல்லேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். அங்கே கோவில் பக்கத்தில் அவர் கடை.

ஸ்கூட்டர் பழையது. கைமாறி வந்தது. கியர் இல்லாத வண்டி. அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் அக்கா தாமதமாக வந்தார். முகம் வாடி இருந்தது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. வண்டிக்குத்தான் காய்ச்சல்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"மேடு வந்தா இழுக்க மாட்டேங்குது. சீட்டுக்குக் கீழ அனல் அடிக்குது. இன்னைக்குப் பாதி வழியில நின்னே போச்சு. அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்டார்ட் ஆச்சு. பூவெல்லாம் வாடிப்போச்சு. ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினேன். இன்ஜின் போச்சு, பிரிக்கணும், எட்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க. கம்மலை அடகு வைக்கலாம்னு இருக்கேன்."

எங்கள் மையத்தில் ஒரு பாய் படிக்கிறார். முப்பது வருடமாக மெக்கானிக் வேலை செய்தவர். அவர் கைக்கு வண்டி நன்றாகத் தெரியும். எழுத்துத்தான் இப்போது கற்கிறார். அவர் சொன்னார்:

"அவசரப்படாதம்மா. இன்ஜினைப் பிரிக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நாலு இருக்கு. காத்து, ஆயில், சுமை, தீ. நாளைக்கு வண்டியைக் கொண்டு வா. எல்லாரும் சேந்து பாக்கலாம்."

மறுநாள் நாங்கள் பார்த்தோம். அன்று நாங்கள் கற்றதுதான் இந்தப் பாடம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தத் தீதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதனால் சக்கரம் சுற்றுகிறது.

இன்று ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். அந்த இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால், உள்ளே 2,000 முறை தீப் பற்றும். ஒவ்வொரு முறையும் அந்தத் தீயின் சூடு ஏறக்குறைய 2,000 டிகிரி.

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் பிஸ்டன் ஏன் உருகவில்லை? சூடு வந்துகொண்டே இருக்கிறது. வந்த சூடு போய்க்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் உருகவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறோம். அதில் ஏறக்குறைய 25 ரூபாய் அளவுதான் வண்டியை ஓட்டுகிறது. மீதி எல்லாம் சூடாகப் போகிறது. பாதிச் சூடு சைலன்ஸர் வழியாகப் போகும். மற்றது இன்ஜினின் உடம்பு வழியாகப் போக வேண்டும். போகும் வழி அடைபட்டால் வண்டிக்குக் காய்ச்சல்.

சூடு எப்படி வெளியேறுகிறது?

சூடான பாலை டம்ளரில் வைத்தால் ஆற நேரமாகும். அகலமான தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். தட்டில் பால் பரவி நிற்கிறது. காற்று நிறைய இடத்தில் படுகிறது.

இன்ஜினிலும் இதே வேலைதான் நடக்கிறது. இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக மடிப்புகள் இருக்கும். மீனின் செதில் போல இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'ஃபின்' என்பார்கள். நாம் செதில் என்று சொல்வோம். சூடு இந்தச் செதில்களில் பரவுகிறது. காற்று பட்டு ஆறுகிறது.

சிறிய வண்டிகளில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: ஓடும்போது எதிரே வரும் காற்றால் ஆறும் வண்டி. செதில்கள் வெளியே தெரியும். ஓசூரில் 1980-ல் செய்யத் தொடங்கிய டி.வி.எஸ். 50 இப்படிப்பட்டது. மைசூரில் 1996 வரை இருந்த தொழிற்சாலையில் செய்த பழைய எஸ்டி பைக்கும் இப்படித்தான். இன்றைய சிறிய பைக்குகள் பலவும் இந்த வகையே. இந்த வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும்.

இரண்டாம் வகை: உள்ளே ஃபேன் வைத்த வண்டி. பெரும்பாலான ஸ்கூட்டர்கள் இந்த வகை. இவற்றில் இன்ஜினை மூடி வைத்திருக்கிறார்கள். எதிர்க்காற்று நேராகப் படாது. அதனால் இன்ஜினோடு சேர்ந்து ஒரு ஃபேன் சுற்றுகிறது. பழைய பஜாஜ் சேத்தக்கிலும் இப்படி ஒரு ஃபேன் இருந்தது. ஃபேன் காற்றை இழுக்கும். பிளாஸ்டிக் அல்லது தகரக் கவர் ஒன்று அந்தக் காற்றைச் செதில்கள் மேல் திருப்பிவிடும்.

மூன்றாம் வகை: தண்ணீரால் ஆறும் வண்டி. இதில் ரேடியேட்டர் இருக்கும். நம் நாட்டில் 2008-ல் வந்த யமஹா ஆர் 15 இந்த வகை. இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

காய்ச்சலுக்கு அடையாளம் என்ன?

எல்லா வண்டியும் ஓடினால் சூடாகும். இன்ஜினில் கை வைத்தால் சுடத்தான் செய்யும். போக்குவரத்து நெரிசலில் காலில் அனல் படும். வண்டியை நிறுத்தியபின் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. அதன் சத்தம் அது. இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கீழே உள்ளவைதான் காய்ச்சலின் அடையாளங்கள்:

1. மேட்டில் இழுவை குறைகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலும் வேகம் வரவில்லை.
2. மேடு ஏறும்போது இன்ஜினில் 'டக டக' என்று தட்டும் சத்தம் கேட்கிறது.
3. ஆயில் கருகும் வாசனை வருகிறது.
4. சூடானால் நின்றுவிடுகிறது. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது.

இதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? பிஸ்டன் சூட்டில் பெருக்கும். சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது' என்று சொல்கிறார்கள். ஓடும்போது சீஸ் ஆனால் கியர் வண்டியில் பின்சக்கரம் திடீரென்று நின்றுவிடலாம். வண்டி வழுக்கும். உயிருக்கே ஆபத்து. உடனே கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். ஓரமாக ஒதுங்க வேண்டும்.

நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

அக்கா ஒரு விஷயம் சொன்னார்.

"ஒருநாள் அவசரத்துக்குப் பூவுக்குத் தெளிக்கிற தண்ணிய இன்ஜின் மேல ஊத்தினேன். புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படிச் செய்யவே கூடாதும்மா. அடுப்புல காஞ்ச கண்ணாடிப் பாத்திரத்துல பச்சத் தண்ணி ஊத்துவியா? விரிஞ்சிடும்ல? இன்ஜினும் அப்படித்தான். ஒரு பக்கம் சட்டுன்னு ஆறி, இன்னொரு பக்கம் சூடா இருந்தா, உலோகம் கோணிக்கும். விரிசல் விடும்."

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. வண்டியை ஓரமாக நிழலில் நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள்.
2. தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரத் துணியும் போடாதீர்கள்.
3. குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள்.
4. ஆறியபின் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கிக்கர் அசையாவிட்டால் பலமாக உதைக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.
5. கிக்கர் எளிதாக இறங்கினால் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு மெதுவாக வீடு போய்ச் சேருங்கள்.

நான்கு கேள்விகள்

பாய் சொன்ன நான்கையும் வரிசையாகப் பார்ப்போம். செலவு இல்லாதது முதலில் வரும். செலவு உள்ளது கடைசியில் வரும். எல்லாவற்றையும் இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: காற்று போகிறதா?

ஸ்கூட்டரில் ஃபேன் பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். அதன்மேல் சல்லடை போன்ற கவர் இருக்கும். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே இலை, காகிதம், சேறு, நூல் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பல நாள் நின்றிருந்தால் எலி கூடு கட்டியிருக்கலாம். ஃபேனின் இறக்கைகள் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பைக், மொபெட் வைத்திருப்பவர்கள் செதில்களைப் பாருங்கள். மழைக்காலச் சேறு அங்கே அப்பிக் காய்ந்துவிடும். ஆயில் கசிந்தால் அதில் தூசி ஒட்டும். அது இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியது போல. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டுங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் வேண்டாம். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள்.

மொபெட்டில் மூட்டை கட்டுபவர்கள் இதையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு இன்ஜினை மூடிவிடாதீர்கள். காற்று படாது.

சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஸ்கூட்டரின் உள்ளே இருக்கும் கவரைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். 'திறந்து வைத்தால் காற்று நன்றாகப் படும்' என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. கவர் இல்லாவிட்டால் ஃபேன் காற்று நாலா பக்கமும் சிதறிவிடும். செதில்களுக்குப் போகாது. கவர் வாய்க்கால் போல. வாய்க்கால் இல்லாமல் தண்ணீர் வயலுக்குப் போகுமா?

இரண்டாம் கேள்வி: ஆயில் இருக்கிறதா?

ஆயில் இரண்டு வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கிறது. பிஸ்டனின் சூட்டையும் எடுத்துக்கொண்டு கீழே வருகிறது. ஆயில் குறைந்தால் இரண்டு வேலையும் கெடும்.

ஆயில் பார்க்கும் முறை இது:

1. வண்டியைச் சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.
2. இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். ஆயில் கீழே இறங்கட்டும்.
3. ஆயில் மூடியைத் திறங்கள். அதில் ஒரு குச்சி இருக்கும். துணியால் துடையுங்கள்.
4. குச்சியை மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். சில வண்டிகளில் மூடியைத் திருகாமல் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் அது இருக்கும்.
5. குச்சியில் இரண்டு குறிகள் உண்டு. ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சில பைக்குகளில் குச்சிக்குப் பதிலாகச் சிறிய கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதிலும் இரண்டு கோடுகள் உண்டு.

ஆயில் கறுப்பாக இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். ஓடிய ஆயில் கறுக்கும். குறைந்திருந்தால்தான் ஆபத்து. அதிகமாக ஊற்றுவதும் தவறு. மேல் குறியைத் தாண்டக் கூடாது.

ஆயில் டப்பாவில் 10 டபிள்யூ 30 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது. இரண்டாம் எண், சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே கேட்டு வாங்குங்கள்.

டப்பாவில் எம்.ஏ. அல்லது எம்.பி. என்ற எழுத்துகளும் இருக்கும். பெரும்பாலான கியர் பைக்குகளுக்கு எம்.ஏ. வகை வேண்டும். எம்.பி. வகை கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. கியர் பைக்கில் எம்.பி. ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கிளட்ச் வழுக்கினாலும் சூடு ஏறும்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் முறை வேறு. அதில் பெட்ரோலோடு ஆயிலைக் கலக்க வேண்டும். பல ஸ்கூட்டர்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் போடுவார்கள். காசு மிச்சம் என்று ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் பிடிக்கும்.

மூன்றாம் கேள்வி: சுமை கூடிவிட்டதா?

மனிதன் மூட்டை தூக்கினால் வேர்க்கும். வண்டிக்கும் அப்படித்தான். மூன்று பேர் ஏறினால் சூடு கூடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுமையும் உண்டு.

டயரில் காற்றுக் குறைந்தால் அது சுமை. பிரேக் இறுகிப் பிடித்தால் அதுவும் சுமை. சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இன்ஜினை அணையுங்கள். கியர் வண்டி என்றால் நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்ற வேண்டும். உரசி நின்றால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

பெங்களூருவில் இன்னொரு சுமை உண்டு. அது நெரிசல். வண்டி ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று இல்லை. சிக்னலில் அதிக நேரம் நிற்க வேண்டி வந்தால் இன்ஜினை அணையுங்கள். சூடும் குறையும். பெட்ரோலும் மிச்சம்.

'வெயில்தான் காரணம்' என்று பலர் சொல்வார்கள். 2016 ஏப்ரலில் பெங்களூருவில் வெயில் 39.2 டிகிரி வரை போனது. வழக்கத்தைவிட அது சில டிகிரிதான் கூடுதல். இன்ஜினின் வெளிப்பக்கச் சூடோ 100 டிகிரிக்கு மேல். வெயில் கொஞ்சம் கூட்டும். அடைபட்ட காற்று நிறையக் கூட்டும். வெயிலைத் திட்டிவிட்டு வண்டியைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

நான்காம் கேள்வி: தீ சரியாக எரிகிறதா?

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சிலர் 'மைலேஜ் வரும்' என்று பெட்ரோலை மிகவும் குறைத்துவிடுவார்கள். பெட்ரோலில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, இன்ஜினில் ஆயிரக்கணக்கில் இழப்பார்கள். 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். நுனி செங்கல் அல்லது டீ நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஆயில் எரிகிறது. வெள்ளையாகச் சாம்பல் போல இருந்தால் சூடு அதிகம். இதை மெக்கானிக்கோடு சேர்ந்து பாருங்கள்.

அக்காவின் வண்டியில் என்ன இருந்தது?

பாய் முதலில் வலது பக்கம் குனிந்து பார்த்தார். விளக்கைக் காட்டச் சொன்னார். விரலை விட்டு எதையோ இழுத்தார். ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. பூ சுற்றும் கவர். கூடவே வாழைநார் வந்தது. ஃபேன் காற்றை இழுக்கும்போது கவர் போய்ச் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. பாதி வழி அடைபட்டுவிட்டது.

அடுத்து ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்த்தார். நுனியில்கூட ஆயில் இல்லை. கீழே ஆயில் போல்ட்டில் கசிவு இருந்தது. அதன் வாஷர் தேய்ந்துபோயிருந்தது.

"கடைசியா எப்ப ஆயில் மாத்தினே?" என்று பாய் கேட்டார்.

அக்கா யோசித்தார். "தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியான்னு ஞாபகம் இல்லையே பாய்" என்றார்.

பாய் சல்லடையைச் சுத்தம் செய்தார். உள் கவரைக் கழற்றிச் செதில்களில் இருந்த பிசுக்கை எடுத்தார். மறக்காமல் கவரைத் திரும்ப மாட்டினார். புது வாஷர் போட்டார். புது ஆயில் ஊற்றினார். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

"முழுசாத் தப்பிச்சேன்னு நினைக்காதம்மா" என்றார் பாய். "சூட்டுல பிஸ்டன் கொஞ்சம் தேஞ்சிருக்கலாம். ஆயில் குறையுதான்னு வாரம் ஒரு தடவை பாரு. கசிவு இல்லாம ஆயில் குறைஞ்சா, சைலன்ஸர்ல நீலப் புகை வந்தா, அப்ப இன்ஜினைப் பிரிக்கலாம். இன்னும் ரெண்டு நாள் அப்படியே ஓட்டியிருந்தா வண்டி பிடிச்சிருக்கும்."

இப்போது அக்காவின் வண்டி மேடு ஏறுகிறது. பூவைத் துணிப்பையில் கட்டுகிறார். வண்டிச் சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறார். ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண் இரண்டையும் அவரே எழுதுகிறார். கம்மல் அவர் காதிலேயே இருக்கிறது.

தண்ணீரால் ஆறும் வண்டி

சில பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் ரேடியேட்டர் உண்டு. அதில் கூலன்ட் என்ற திரவம் இருக்கும். அது இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும். ரேடியேட்டரில் வந்து ஆறும்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் பிரஷர் குக்கர் போன்றது. உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரைத் திறப்போமா?

எனவே சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் இரண்டு கோடுகள் உண்டு. இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டை அந்த டப்பாவில் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுப் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு ரேடியேட்டரிலும் படியும். கூலன்ட் விஷம். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

சூடு இல்லாமலும் வண்டி நிற்கும்

பெட்ரோல் மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வந்து, வண்டி ஸ்டார்ட் ஆனால், குறை அந்தத் துளையில்தான். சில சமயம் சூட்டில் காயில் கெட்டுப்போய் பிளக்கில் பொறி வராது. இதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விக்கும் விடை சரியாக இருந்தும் வண்டி சூடானால் மெக்கானிக்கிடம் போங்கள். வால்வு, பெல்ட், சைலன்ஸர் அடைப்பு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். 'காற்று வழி பார்த்தேன். ஆயில் சரியாக இருக்கிறது. சக்கரம் எளிதாகச் சுற்றுகிறது' என்று சொல்லுங்கள். என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு செலவு என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டருக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதில் பேட்டரி அளவுக்கு மேல் சூடானால் வண்டியை நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். நீங்களே பிரிக்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

நினைவில் வையுங்கள்

வாரம் ஒரு முறை: ஆயில், டயர் காற்று, ஃபேன் சல்லடை.
மழைக்காலத்தில்: செதில்களில் சேறு.
எப்போதும்: சூடான இன்ஜின் மேல் தண்ணீர் வேண்டாம்.
பழுது வந்தால் வரிசை: காற்று, ஆயில், சுமை, தீ.

பயிற்சி

1. சரியா, தவறா?
அ. ஸ்கூட்டரின் உள் கவரைக் கழற்றினால் இன்ஜின் நன்றாக ஆறும்.
ஆ. ஆயில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும்.
இ. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம்.

2. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
அ. அலுமினியம் ______ டிகிரியில் உருகும்.
ஆ. இன்ஜினைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருப்பது ______.
இ. பிளக் நுனி வெள்ளையாக இருந்தால் ______ அதிகம்.

3. கணக்கு
ஒருவர் ஆயில் மாற்றியபோது மீட்டரில் 18,450 இருந்தது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அவர் வண்டிப் புத்தகம் சொல்கிறது. அடுத்து எந்த எண் வரும்போது மாற்ற வேண்டும்? இப்போது மீட்டரில் 20,900 இருக்கிறது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்?

4. செய்து பாருங்கள்
உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள வண்டியைப் பாருங்கள். அது மூன்று வகையில் எந்த வகை? ஆயில் குச்சியைத் துடைத்து அளவு பாருங்கள். இன்றைய தேதி, மீட்டர் எண், ஆயில் அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள்.

5. பேசுங்கள்
உங்கள் வண்டி எப்போதாவது நடுவழியில் நின்றதா? அப்போது என்ன செய்தீர்கள்? இப்போது நின்றால் என்ன செய்வீர்கள்? உங்கள் மையத்தில் மற்றவர்களோடு பேசுங்கள்.

விடைகள்
1. அ. தவறு. ஆ. சரி. இ. தவறு.
2. அ. 660. ஆ. செதில். இ. சூடு.
3. 21,450 வரும்போது மாற்ற வேண்டும். இன்னும் 550 கிலோமீட்டர் ஓடலாம்.